திரை பிடிப்பவன் திரும்பக் கூடாது

அவளுடைய பிஸ்கட் டீயில் விழுந்துவிட்டது.

கடைசியாக நடந்த சாதாரணமான காரியம் அதுதான். நனைத்து எடுப்பதற்குள் பாதி உடைந்து கிளாஸின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விரலை விட்டுத் துழாவினாள். சுட்டது. "சனியனே, நீயும் என் பேச்சைக் கேக்க மாட்டியா?" என்று பிஸ்கட்டைத் திட்டினாள். பிறகு டீயோடு சேர்த்து அண்ணாந்து குடித்துவிட்டு, உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் கொட்டகைக்கு நாங்கள் மத்தியானம் போய்ச் சேர்ந்திருந்தோம். ஒரு காலத்தில் சினிமா ஓடிய கட்டடம். இப்போது கூட்டங்களுக்கும் விழாக்களுக்கும் விடுகிறார்கள். வெளியே கண்ணைக் குத்தும் வெயில். உள்ளே கால் வைத்ததும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல ஒரு குளிர்ச்சி. ஜன்னல் கிடையாது. பெரிய கதவு வழியாக வரும் வெளிச்சம் பாதி நாற்காலிகள் வரைக்கும் வந்து, அதற்குமேல் வர மனமில்லாமல் நின்றுவிடும். ஈரச் சுண்ணாம்பும் எலிப் புழுக்கையும் கிழிந்த ரெக்ஸினும் கலந்த வாடை. மேடைக்குப் பக்கத்தில் வேஷம் கட்ட ஓர் அறை. அதில் ஓரம் கறுத்த கண்ணாடி, ஒரு பெஞ்சு, தாழ்ப்பாள் இல்லாத கதவு.

என் மனைவி கூத்தாடி. அந்தச் சொல்லை வசவாகச் சொல்பவர்கள் உண்டு. அவள் முகவரி சொல்வதுபோலச் சொல்வாள். பெண் வேஷம் அவள் கட்டியதே இல்லை. ராஜா வேஷம்தான், அதிலும் கடைசியில் வெட்டுப்பட்டுச் சாகிற அசுர ராஜா. தோளில் மரக்கட்டைகள், தலையில் மரக் கிரீடம், முகம் முழுக்கச் சிவப்பு. ஆட்டம் முடிந்து கட்டைகளை அவிழ்த்தால் தோள் இரண்டிலும் கயிற்றுத் தடம் கன்றிப்போயிருக்கும். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். மேடையில் பலகை அதிர ஆடுகிறவள் வீட்டில் பூனை மாதிரி நடப்பாள். கீழ்வீட்டுக்காரர்கள், மாடியில் ஆள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பார்கள்.

எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவள் "ராஜா"தான். என்னைப் "பிழை சார்" என்பார்கள். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. ஆட்டம் இருக்கும் நாளில் அவளோடு போய்த் திரை பிடிப்பேன். திரையின் மறுமுனை அவள் தம்பிக்கு. ஒல்லியாக, கூரையைத் தொடுகிற உயரம். அதனால் பேர் ஒட்டடை.

திரை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கூத்தில் ராஜா சும்மா நடந்து வந்துவிட மாட்டார். ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் ஒரு துணியைத் தூக்கிப் பிடிப்போம். அதற்குப் பின்னால் ராஜா. பார்க்கிறவர்களுக்குக் கீழே சலங்கை கட்டிய காலும், மேலே கிரீடத்தின் நுனியும் மட்டும்தான் தெரியும். முன்னால் நிற்கிற கோமாளி கேட்பார்: "திரைக்குள்ளே நிக்கிறது யாரு?" உள்ளேயிருந்து ராஜா பாட்டாகவே பதில் சொல்வார். பாடிக்கொண்டே திரையின் மேல் விளிம்பைப் பற்றி உலுக்குவார். பேரைச் சொல்லி முடித்ததும் நாங்கள் திரையை விலக்க, ராஜா வெளியே பாய்வார்.

திரை பிடிக்கிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. குழுவை நடத்துகிற வாத்தியார் எனக்குச் சொன்ன ஒரே பாடம் அது. "நீ சுவரு. சுவரு திரும்பிப் பாக்குமா?"

அன்றைக்குப் புதுத் திரை. பழையது நைந்து கிழிந்துவிட்டதால், வெள்ளைத் துணி எடுத்து அவளே இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்திருந்தாள். நூலைப் பல்லால்தான் கடிப்பாள். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கும்.

"இதைத் தைச்சது யாரு?" என்றாள், காலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு.

"நீதான். ஊருக்கே சொல்லியாச்சே."

"இதுக்குப் பின்னாலயே நின்னு நின்னு, முன்னாலேருந்து எப்படி இருக்கும்னு இந்த ஜென்மத்துல நான் பாத்ததில்ல. ரெண்டு பேரும் போய்ப் பிடிங்க. நான் சீட்டுல உக்காந்து பாக்கறேன்."

நாற்காலி வரிசையில் நீட்டிப் படுத்திருந்த கோமாளி கண்ணைத் திறக்காமலே சொன்னார். "ஆள் இல்லாம திரை பிடிக்கக் கூடாது ராஜா."

"ஏன், துணி கோவிச்சுக்குமா?"

"யாருக்குத் தெரியும்? எனக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. உனக்கு அடிக்காம சொல்றேன்."

உண்மைதான். ஒத்திகையில்கூட நாங்கள் திரையை எடுப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. துணி அழுக்காகுமே என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டடையும் நானும் மேடை ஏறினோம். துணியைப் பிரித்ததும் புதுக் கஞ்சி வாடை அடித்தது. தூக்கிப் பிடித்தோம்.

அவள் நடு வரிசையில் போய் உட்கார்ந்து, முன் நாற்காலியின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். கதவு வெளிச்சம் சரியாக அவள் முகத்தில்.

"ஏங்க, உங்க பக்கம் தூக்குங்க. பள்ளத்துல தண்ணி ஓடற மாதிரி இருக்கு."

"இதுக்கு மேல எனக்குக் கை கிடையாது."

"மாமா, ரெண்டு செங்கல் எடுத்து வரட்டுமா?" என்றான் ஒட்டடை.

"நீ வேணா முட்டி போடுடா."

அவள் சிரித்தாள். வாய்விட்டுத்தான். அந்தச் சிரிப்பு கொட்டகையின் பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, கோமாளி மாதிரியே மூக்கால் இழுத்துக் கேட்டாள்:

"திரைக்குள்ளே நிக்கிறது யாரு?"

கோமாளி துள்ளி எழுந்தார். "ஏய்! கேக்காதே!"

ஜல்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரே ஒரு அசைவு. சலங்கை கட்டிய கால் ஒன்று எடை மாறினால் வருகிற சத்தம்.

ஒட்டடை விளையாடுகிறான் என்று நினைத்தேன். அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது வாடை வந்தது. எண்ணெயில் குழைத்த அரிதாரத்தின் வாடை. எங்கள் அரிதாரப் பெட்டி அப்போது பூட்டியபடி வேனில் இருந்தது.

திரையின் மேல் விளிம்பு இறுகியது.

யாரோ பின்னாலிருந்து பற்றினார்கள். ராஜா பாடும்போது பற்றுகிற அதே இடத்தில். ஆனால் அவள் பிடி எனக்குத் தெரியும்; அவள் உலுக்குவாள், துணி காற்றில் படபடக்கும். இது உலுக்கவில்லை. மெதுவாக, கீழ்நோக்கி, எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்ப்பதுபோல இழுத்தது.

அவள் முகத்திலிருந்து சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. கண்கள் மட்டும் துணிக்குக் கீழே, தரையை ஒட்டி நின்றுவிட்டன.

"ரெண்டு பேரும்," என்றாள், குரலே இல்லாமல். "திரும்பாதீங்க. அப்படியே போட்டுட்டு இறங்கி வாங்க."

போட்டோம். இறங்கினோம்.

மேடையில் வெள்ளைத் துணி மட்டும் சுருண்டு கிடந்தது. வேறு ஒன்றுமில்லை.

ஒட்டடைதான் போய் எடுத்து வந்தான். மேல் விளிம்பில், இரண்டு இடத்தில், நாலு நாலு விரலாகச் சிவப்பு படிந்திருந்தது. தொட்டேன். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது.

*

"கால்தான் தெரிஞ்சுது," என்றாள். என் கையை விடவே இல்லை. "மேல கிரீடம் ஒண்ணும் இல்ல. கால் மட்டும். முதல்ல குதிகால் தெரிஞ்சுது, முதுகைக் காட்டிட்டு நிக்கற மாதிரி. நான் கேட்டேன் பாருங்க... கேட்டதும் திரும்பிச்சு. என் பக்கம்."

வாத்தியார் வேனிலிருந்து மத்தளத்தை இறக்கிக்கொண்டிருந்தார். கோமாளி விஷயத்தைச் சொன்னதும் நேராக அவளிடம் வந்தார். முகத்தில் பயம் இல்லை. ஆத்திரம்தான் இருந்தது.

"யாரைக் கேட்டும்மா நீ கேட்டே?"

"விளையாட்டுக்குத்தான் வாத்தியாரே."

"விளையாட்டா? கூப்பிட்டா வந்துடறவங்ககிட்ட விளையாடுவாங்களா?" துணியை வாங்கி விளிம்பைப் பார்த்தார். தொடவில்லை. "வாயைத் திறந்து பதில் சொல்லுச்சா?"

"இல்ல."

"பேரைச் சொல்லலியே?"

"இல்ல."

"அப்போ இன்னும் உள்ள வரல. நின்னுக்கிட்டு இருக்கு."

என்ன நிற்கிறது என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சுவர் எதற்குப் பேசுகிறது என்ற எரிச்சல் இருந்தது. "இந்த அசுரன் எத்தனை தடவை வந்திருக்கான், எத்தனை தடவை வெட்டுப்பட்டுச் செத்திருக்கான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் உடம்பைக் கடன் குடுத்திருக்காங்க. இன்னைக்கு உடம்பு குடுக்காம கூப்பிட்டிருக்கா உன் பொண்டாட்டி. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்றேன். சாயங்கால ஆட்டம், இன்னும் நேரம் இருக்கிறது, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம்.

"நிறுத்த வேணாம்," என்றார் வாத்தியார். "வேஷத்தை வேற ஆளுக்குக் குடுக்கறேன். ஆம்பளை வேஷத்தை ஆம்பளை கட்டட்டும்."

அவள் என் கையை விட்டாள்.

அந்த வேஷத்துக்காக அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பொம்பளைத் தோளுக்குக் கட்டை தாங்காது என்றார்கள். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினாள். குரலில் கனம் இல்லை என்றார்கள். தொண்டையிலிருந்து ரத்தம் வருகிற வரைக்கும் பாடினாள். ஒரு நாள் அவள் வராவிட்டால் போதும் என்று வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நான்தான் கட்டுவேன்," என்றாள்.

"வேணாம். எனக்காக," என்றேன் நான்.

"இன்னைக்கு நான் ஒதுங்கினா, அந்தக் கிரீடம் அப்புறம் என் தலைக்கு வராது. வேணும்னா திரை வேணாம். ஓரத்துலேருந்து நேரா உள்ள வரேன். திரையும் இல்ல, கேள்வியும் இல்ல. சரியா வாத்தியாரே?"

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். துணியை மடித்து, பெரிய டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை அவரே இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. திரை இல்லாவிட்டால் அதற்கு நிற்க இடமில்லை அல்லவா?

*

வேஷம் கட்டும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் அறைக்கு வெளியே, கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். உள்ளே கிண்ணத்தில் அரிதாரம் குழைக்கும் சத்தம். சலங்கைப் பையை எடுத்து வைக்கிற சத்தம். நடுவில் ஒருமுறை கேட்டாள், "இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நாளைக்கு வீட்டுக்குப் போனதும் நல்ல டீ போட்டுக் குடுங்க. இது டீயா, கழனித் தண்ணி."

கொட்டகையின் பெரிய கதவு முன்னால் வெயில் சாய்ந்து சிவந்துகொண்டு வந்தது. கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. குழந்தைகள் நாற்காலிகளை மடக்கி மடக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மத்தளம் முழங்கியது. மேடையோரம் நான் இருந்தாக வேண்டும்.

"மத்தளம் ஆரம்பிச்சாச்சு. நான் போகட்டுமா?" என்று கதவைத் தட்டினேன்.

உள்ளே கிண்ணத்துச் சத்தம் நின்றிருந்தது.

"போங்க. நான் வந்துடுவேன்."

அவள் குரல்தான். போனேன்.

மேடையில் வாத்தியார் பாடினார், கோமாளி சிரிக்க வைத்தார். ராஜா வருகிற நேரம் நெருங்கியது. பக்கத் தட்டிக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டிருந்த எனக்கு, அரிதார வாடை முதலில் வந்தது. பிறகு சலங்கை. திரும்பினேன்.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கிரீடம், தோள்கட்டைகள், விரிந்த பாவாடை. இருட்டில் வடிவம் மட்டும்தான் தெரிந்தது.

கிரீடம் ஏறிவிட்டால் எங்களில் யாரும் ராஜாவிடம் பேச மாட்டோம். முகத்தைப் பார்க்க மாட்டோம். பெண்டாட்டி, அக்கா, சினேகிதி என்கிற உறவெல்லாம் கிரீடத்தை இறக்கும் வரை நிறுத்தி வைத்ததுபோல. ராஜா கேட்பதைக் கொடுப்போம், அவ்வளவுதான். வேறு எந்த வீட்டிலும் ஒரு புருஷன் கேட்டிருப்பான், என்னம்மா ஆச்சு, இந்தப் பக்கம் திரும்பு என்று. நாங்கள் கூத்துக்காரர்கள். கேட்கவில்லை.

"திரை," என்றது குரல்.

ஒட்டடை என் பக்கத்தில் வந்து நின்றான். கையில் வெள்ளைத் துணி.

"பெட்டி பூட்டி இருந்துச்சேடா," என்று கிசுகிசுத்தேன்.

"பெட்டி மேல மடிச்சு வெச்சிருந்துச்சு மாமா. வாத்தியார்தான் எடுத்து வெச்சார்னு நினைச்சேன். அக்கா கேக்குறாளே, என்ன பண்ண?"

அவள்தான் வேண்டாம் என்றாள். அவளே கேட்கிறாள். பயத்தை உதறிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அப்படிப்பட்டவள்தான். என் முனையைப் பிடித்தேன். மேடைக்குப் போனோம். சலங்கை எங்கள் பின்னாலேயே வந்தது. தூக்கிப் பிடித்தோம்.

எங்களைப் பார்த்ததும் வாத்தியாருக்குத் தாளம் தவறியது. என் வாழ்நாளில் அவருக்குத் தாளம் தவறி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஆனால் கூட்டம் பார்த்துவிட்டது. கைதட்டிவிட்டது. கோமாளி எங்களைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், திரைக்குக் கீழே பார்த்தார். கால்கள் இருந்தன. கால்கள் இருந்தால் கோமாளி கேட்டாக வேண்டும்.

"திரைக்குள்ளே..." அவர் குரல் உடைந்தது. கூட்டம் சிரித்தது. "திரைக்குள்ளே நிக்கிறது யாரு?"

பாட்டு தொடங்கியது.

அவள் குரல். அவள் ராகம். விளிம்பைப் பற்றிய கைகளின் கனம் என் தோள் வரைக்கும் இறங்கியது. என் கண் முன்னே, வெள்ளைத் துணியில் பழைய சிவப்பின் மேலேயே விரல்கள் மடங்கின. சரியாக அதே இடத்தில், துளி விலகாமல்.

அவளுக்கு ஒரு வழக்கம். முதலடி முடிந்து இரண்டாமடிக்குப் போகிற இடத்தில் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாள், ஜலதோஷம் பிடித்த குழந்தை மாதிரி. வாத்தியார் அதற்காகத் திட்டாத நாள் இல்லை. கூட்டத்தில் யாருக்கும் கேட்காது. திரை பிடிக்கிற எனக்குக் கேட்கும். எத்தனையோ மேடைகளில் அந்த மூச்சுக்காகவே நான் காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறேன்.

முதலடி முடிந்தது.

மூச்சு வரவில்லை.

இரண்டாமடி. மூன்றாமடி. எங்கும் நிற்கவில்லை. மூச்சே தேவைப்படாத ஒரு வாய் பாடிக்கொண்டே போனது.

நான் ஒட்டடையைப் பார்த்தேன். அவனுக்கும் தெரிந்துவிட்டது. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"திரும்பாதே," என்றேன், உதட்டை அசைக்காமல்.

அவன் திரும்பினான்.

என்ன பார்த்தானோ. கையை விட்டுவிட்டு மேடையிலிருந்து பின்பக்கமாகவே விழுந்தான்.

அவன் விட்ட முனை கீழே விழவில்லை.

அப்படியே நின்றது. அவன் உயரத்துக்கே. கூட்டம் ஆரவாரித்தது, ஏதோ வித்தை என்று. பாட்டு கடைசி அடிக்கு வந்துகொண்டிருந்தது, பேர் சொல்கிற அடிக்கு. நான் என் முனையை விட்டேன். விட்டுவிட்டு ஓடினேன். துணி விழுகிற சத்தமும், பாட்டு பாதிச் சொல்லில் அறுபடுகிற சத்தமும், கூட்டம் சட்டென்று அடங்குகிற சத்தமும் எனக்குப் பின்னால் கேட்டன. துணிக்குப் பின்னால் யாரும் இல்லை என்று கோமாளி அப்புறம் சொன்னார்.

அறைக்கதவு சாத்தியபடி இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடியைப் பார்த்தபடி. முகத்தின் இடது பாதி முழுக்கச் சிவப்பு. வலது பாதியில் அவள் தோல்தான். கிரீடம் துணியில் சுற்றி, முடிச்சு அவிழ்க்காமல் மூலையில் இருந்தது. தோள்கட்டைகள் சுவரோரம். சலங்கைகள் அவள் மடியில்.

தொட்டேன். அந்தக் கொட்டகையின் சுவர்போலக் குளிர்ந்திருந்தாள்.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மத்தளம் தொடங்குவதற்கு நெடுநேரம் முன்பே நின்றிருக்க வேண்டும் என்றார். அப்படியென்றால் கதவுக்கு உள்ளிருந்து என்னைப் போகச் சொன்னது யார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்திருந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். அரிதாரத்தை விரலால்தான் பூசுவாள். அவள் விரல் பத்தும் சுத்தமாக இருந்தன.

*

ஒட்டடைக்குப் பேச்சு திரும்ப நாளாயிற்று. திரும்பியதும் சொன்னது இவ்வளவுதான்: "பாதிதான் அக்கா, மாமா. இந்தப் பாதி." என் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். மறு பாதி என்ன என்று கேட்டேன். கையை எடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

வாத்தியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "மேடையிலேருந்து எடுத்துட்டு வந்தியே, அந்தத் துணியை எரிச்சுடு," என்றார். துக்கம் விசாரிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான் போலிருக்கிறது. எரிக்கிறேன் என்றேன்.

எரிக்கவில்லை. அதன் ஓரத்தில் அவள் போட்ட தையல் இருக்கிறது. மூலையில் ஓரிடத்தில் நூலைக் கடித்த இடம் பிசிறாக நிற்கிறது. அவள் பல் பட்ட வேறு எதுவும் இந்த வீட்டில் இல்லை. துவைத்தேன். வெந்நீரில் ஊற வைத்தேன், சோப்புப் போட்டு அலசினேன், மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். மடித்து அலமாரியில் வைத்தேன். திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் தனியாள். அதனால் பயமில்லை என்று நினைத்தேன்.

போன வாரம் ஒட்டடை வந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். இன்னும் இளைத்திருந்தான்.

"மாமா, அது உங்ககிட்டதானே இருக்கு?"

"எது?"

"ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பாக்கலாமா? பாதி அக்கா இருந்தாளே மாமா. நான்தான் பாத்தேனே. கேட்டா பதில் சொல்லுவா."

"உன் அக்கா செத்துட்டாடா."

"அப்போ பாடினது யாரு?"

வீட்டுக்குப் போ என்றேன். போகவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, படி வரைக்கும் கொண்டு விட்டேன். கீழே இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்த்து, "உங்களுக்கும் ஆசையா இல்லியா?" என்றான். கதவைச் சாத்திக்கொண்டேன்.

மத்தியான வெயில் கூடத்துத் தரையில் விழுந்திருந்தது. அலமாரியைத் திறந்தேன். மடிப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடத்தான் எடுத்தேன். என் முனையைக் கையில் பிடித்து உதறினேன். துணி விரிந்தது.

மறுமுனை கீழே வரவில்லை.

என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒட்டடை பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, காற்றில் நின்றது. துணி என் பக்கமாகச் சரிந்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஓடுவதுபோல.

நான் திரும்பவில்லை. எதிரே சமையலறை வாசல். அடுப்பின் மேல் டீப் பாத்திரம். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விளிம்பு இறுகியது.

பாட்டு வரவில்லை. அது பாடுவதற்குமுன் நான் கேட்க வேண்டும். கேட்கிற வார்த்தை என் நாக்கின் நுனியில் இருந்தது. அவளாக இருந்தால்? பாதியாவது அவளாக இருந்தால்?

அப்போது என் காதுக்கு மிக அருகில், சின்னதாக, மூக்கால் ஒரு மூச்சு. ஜலதோஷம் பிடித்த குழந்தை மாதிரி.

அன்றைக்கு வராத மூச்சு.

அது அவளா, அல்லது என் மனைவியின் மூச்சை அது கற்றுக்கொண்டு வந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முனையைத் தரையில் விட்டேன். துணி விழுந்தது. பின்னால் யாரும் இல்லை, சுவர்தான் இருந்தது.

நான் இன்னும் கேட்கவில்லை. இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் கேட்கவில்லை. துணியை மறுபடி அலமாரிக்குள் வைத்துவிட்டேன். வைப்பதற்குமுன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன்.

எத்தனையோ தடவை துவைத்தாயிற்று, எவ்வளவோ வெயில் பட்டாயிற்று. சிவப்பு இன்னும் காயவில்லை.